மாத்திரை போடுகிறோம் சரி, பி.பி. குறைந்ததா?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன மாதம் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் சுகாதாரத் தன்னார்வலர் ஒருவர் பி.பி. கருவியோடு நம் கேட்டுக்கு வந்தார். செக்யூரிட்டி திருப்பி அனுப்பிவிட்டார். அவர்மேல் தவறில்லை. யாரையும் விடாதே என்று சொல்லி வைத்திருப்பது நாம்தான்.

இந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு தமிழ்நாட்டில் நடந்த ஆய்வில், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுப்பாட்டில் இருந்தது. இத்தனைக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாத்திரை இலவசம்!

எத்தனை பேருக்கு மாத்திரை கொடுத்தோம் என்பது வேலையின் கணக்கு. எத்தனை பேருக்கு பி.பி. 140/90-க்குக் கீழே வந்தது என்பதுதான் பலனின் கணக்கு. ஒரு சுகாதார நிலையத்தை எடைபோட இந்த இரண்டாவது கணக்கு வேண்டும். அதில் இன்னொரு விஷயமும் உண்டு. பதிவு செய்துவிட்டுத் திரும்ப வராதவர்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். அவர்களை விட்டுவிட்டால் சதவீதம் அழகாகத் தெரியும். ஆனால் பக்கவாத ஆபத்து அதிகம் இருப்பது அவர்களுக்குத்தானே?

கேட்டை மூடிக்கொண்ட நாம் அந்தக் கணக்கிலேயே இல்லை. என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். பல வருடமாக மாத்திரை போடுகிறேன். "கடைசியாக எப்போது பார்த்தீர்கள் சார்?" என்று அந்தத் தன்னார்வலர் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை. மறுநாளே நம் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். 160/100 இருந்தது.

அதனால் மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று, அடையாள அட்டையோடு வரும் சுகாதாரப் பணியாளர்களை ரெஜிஸ்டரில் எழுதிக்கொண்டு உள்ளே அனுப்புவோம். சங்க அறையில் உட்கார்ந்து பார்க்க இடம் கொடுப்போம்.

இரண்டு, மருத்துவம் எங்கே பார்த்தாலும் சரி, தேதியையும் பி.பி. அளவையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

மூன்று, சுகாதார நிலையத்தில் மாத்திரை இல்லை, கருவி வேலை செய்யவில்லை என்றால் வாட்ஸ்அப் குழுவில் புலம்புவதோடு நிறுத்தாதீர்கள். 104-க்கு அழைத்துச் சொல்லுங்கள்.

லிஃப்ட் சர்வீஸுக்குத் தேதி தவறாமல் கணக்கு வைத்திருக்கிறோம். நம் உடம்புக்கும் ஒரு நோட்டு போடுவோம்.