எல்லை காத்தோர்க்கு நாம் செலுத்தும் ஷுக்ர்
(ஜும்ஆ உரையின் சுருக்கம்)

 

மனிதர்க்கு நன்றி பாராட்டாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவர் ஆகார் என்பது அண்ணலார் (ஸல்) அவர்களின் போதனை. உள்ளம், நாவு, செயல் ஆகிய மூன்றாலும் நிறைவுறுவதே ஷுக்ர் என உலமாக்கள் விளக்குவர்.

பிரிகேடியர் முஹம்மது உஸ்மான் அவர்களை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும். பிரிவினையின்போது பாகிஸ்தான் தரப்பிலிருந்து அழைப்பு வந்தும் இந்திய இராணுவத்திலேயே நிலைத்து நின்றார். 1947 டிசம்பரில் ஜம்மு பகுதியின் ஜங்கர் எதிரிகள் வசமாயிற்று. அதனை மீட்கும்வரை கட்டிலில் உறங்குவதில்லை என உறுதிபூண்டு, கடுங்குளிரிலும் தரையில் பாய் விரித்தே படுத்தார். போடிமெட்டுப் பனியில் ஏலத்தோட்டத்தில் இரவைக் கழித்தவர்கள் அக்குளிரை ஓரளவேனும் உணர்வர். 1948 மார்ச்சில் ஜங்கர் மீட்கப்பட்டது. அவ்வாண்டு ஜூலை 3 அன்று அங்கேயே எறிகணை வீச்சில் உயிர் நீத்தார். 36 வயது நிறையவில்லை. மறைவுக்குப்பின் மகாவீர் சக்ரா அளிக்கப்பெற்றது.

அவரைப் போற்றுவது நாவின் ஷுக்ர். செயலின் ஷுக்ருக்கு நம் முஹல்லாவிலேயே இடமுண்டு. படைப்பணி முடித்துத் திரும்பிய முதியவரோ, அவர்தம் விதவையோ ஓய்வூதியத் தாளைப் படித்துச் சொல்ல ஆளின்றித் தவிக்கலாகாது. படித்த இளைஞர்களே! அவர்களைத் தேனியிலுள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். டிசம்பர் 7 கொடிநாளில் இயன்றதை வழங்குங்கள். அவர் எச்சமயத்தவர் என வினவ வேண்டாம். எல்லையில் நின்றபோது அவர் நம்மிடம் அதனை வினவவில்லை.

வல்ல அல்லாஹ் நம்மை நன்றியுடையோராய் ஆக்கியருள்வானாக! ஆமீன்.