காற்று போகும் வழி



காலைப் பெரட்டுக்கு முன் லயத்தில் எல்லா வீட்டாரும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்தால், கடைசி வீட்டு அம்மாவின் வாளி எப்போது நிறையும்? தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. பட்டறையில் ஓடும் காற்றுக் குழாயின் கதையும் இதுதான்.

1972 வரை போர்ட் சுவெட்டன்ஹாம் என்று அழைக்கப்பட்ட போர்ட் கிள்ளானில் கொள்கலன் லோரிகளுக்கு ஓய்வே இல்லை. அவற்றின் சக்கரங்களைக் கழற்றி மாட்டும் ஒரு பட்டறையில் நம் தோட்டத்துப் பையன் ஒருவன் வேலைக்குச் சேர்ந்தான். கம்பிரசர் பக்கத்தில் சீறிச் சுழன்ற காற்று ஸ்பேனர், வாசலுக்குக் கொண்டுபோனால் நட்டை அசைக்கவே திணறியது. "கம்பிரசர் பழசு, பெரிதாக ஒன்று வாங்கவேண்டும்" என்றார் முதலாளி. பையன் வாசல் முனையில் ஓர் அழுத்தமானியை மாட்டினான். ஸ்பேனர் சும்மா இருந்தபோது முள் 100 ராத்தலில் நின்றது. விசையை அழுத்தியதும் 65க்கு விழுந்தது. ஸ்பேனருக்கு வேண்டியதோ 90.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நிற்கும் காற்று அழுத்தத்தை இழப்பதில்லை; ஓடும் காற்றுதான் குழாய்ச் சுவரில் உரசி இழக்கிறது. ஆகவே வேலை நடக்கும்போது பார்த்த அளவே உண்மையான அளவு.

அங்கே போட்டிருந்தது அரை அங்குலக் குழாய். அதே அளவு காற்றை ஓரங்குலக் குழாயில் அனுப்பினால் இழப்பு பாதியாகும் என்று நினைப்போம். அப்படியன்று, ஏறத்தாழ 32இல் ஒரு பங்காகிவிடும்! வளைவுகளும் சும்மா இல்லை. ஓரங்குலக் குழாயில் ஒரு முழங்கை, சுமார் இரண்டரை அடி நேர்க்குழாய்க்குச் சமமான தடை. குழாயின் கடைசி முனையைச் சுற்றிக் கொண்டுவந்து தொடக்கத்தோடு இணைத்து வளையமாக்கினால், காற்று இரு பக்கமும் பிரிந்து வரும். ஒவ்வொரு பக்கத்திலும் பாதிக் காற்றே ஓடுவதால் இழப்பு ஏறத்தாழ கால் பங்காகும்.

இதையெல்லாம் விட்டுவிட்டு அழுத்தத்தை மட்டும் ஏற்றினால் என்ன? ஒவ்வொரு 2 ராத்தலுக்கும் மின்சாரம் ஏறக்குறைய 1 விழுக்காடு கூடும். பில் கட்டுபவருக்குத் தெரியும் வலி.

நம் கிள்ளான் காற்றில் ஈரம் அதிகம். அழுத்திய காற்று குளிரும்போது அந்த ஈரம் குழாய்க்குள் தண்ணீராய் நிற்கும். பெரிய குழாயை நூறு அடிக்கு ஓரடி சரிவாகப் போட்டு, தாழ்ந்த முனையில் வடிகுழாய் வைக்கவேண்டும். கிளைகளை மேற்புறத்திலிருந்து எடுக்கவேண்டும். அடியிலிருந்து எடுத்தால் தண்ணீர் நேரே கருவிக்குள் போகும்.

மலிவென்று வீட்டுத் தண்ணீருக்குப் போடும் பிவிசி குழாயைக் காற்றுக்குப் போடாதீர்கள். அது வெடித்தால் துண்டுகள் கத்தியாய்ப் பறக்கும். உங்கள் பிள்ளை வேலை செய்யும் இடத்தில் அப்படி இருக்கிறதா என்று இன்றிரவே கேளுங்கள்.

நீண்ட குழாயில் காற்றைக் கொண்டுபோக முடியுமா என்ற ஐயம் பழையது. பிரான்சையும் இத்தாலியையும் இணைத்து 1871இல் திறக்கப்பட்ட மலைச் சுரங்கத்தில், குழாய்வழி வந்த காற்றுதான் பாறையைத் துளைத்தது.

அந்தப் பட்டறையில் புதுக் கம்பிரசர் வாங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காற்றை முழுதும் இறக்கிவிட்டு ஓரங்குல இரும்புக் குழாயை வளையமாகப் போட்டார்கள். விசையை அழுத்தியபோது முள் 94இல் நின்றது. ஆனாலும் கடைசி இறுக்கத்தை அளவு காட்டும் கை ஸ்பேனரால்தான் அந்தப் பையன் செய்கிறான். நெடுஞ்சாலையில் கழன்றோடும் சக்கரம் யார் மேல் மோதும் என்று யாருக்குத் தெரியும்?