நாடித் துடிப்பையும் கவனிப்போம்



எங்க மாமியாருக்குப் பக்கவாதம் வந்தப்போ, இதயத் துடிப்பு சீரா இல்லாததுதான் காரணம்னு டாக்டர் சொன்னார். இதயத்துக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டேன். அவர் விளக்கியதைச் சொல்றேன்.

இதயத்தின் மேல் அறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கினால், உள்ளே ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி போய் மூளை ரத்தக்குழாயை அடைத்தால் பக்கவாதம். அதோட, துடிப்பு தப்பித் தப்பி வருவதால் மூளைக்குப் போற ரத்தமும் கூடிக் குறையும். மோட்டார் விட்டு விட்டு ஓடினா கடைசி வயலுக்குத் தண்ணி எட்டாது இல்லையா, அது மாதிரி. நல்லா இருக்கிற மூளை சமாளிக்கும். பக்கவாதம் வந்த மூளைக்கு அது கஷ்டம்.

வீட்டுப் பெரியவங்களுக்கு மணிக்கட்டில், பெருவிரல் பக்கமா, விரல் வைத்து 1 நிமிஷம் நாடி பாருங்க. தாளம் தப்பினால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி ஈசிஜி எடுங்க. ரத்தம் உறையாமலிருக்கத் தருகிற மாத்திரையை, "இப்போ நல்லாத்தானே இருக்கேன்"னு நாமா நிறுத்தக் கூடாது. எங்க வீட்டில் அதை நான்தான் தினமும் எடுத்துக் கொடுக்கிறேன்.

வாய் கோணினால், ஒரு பக்கக் கை துவண்டால், பேச்சு குழறினால் உடனே 108-க்குக் கூப்பிடுங்க. கட்டியைக் கரைக்கிற ஊசியை 4½ மணி நேரத்துக்குள் போடணும். காலையில பார்க்கலாம்னு இருந்தா நேரம் போயிடும்.

மாதக் கூட்டத்தில் சேமிப்புக் கணக்கோடு நாடிக் கணக்கும் பார்ப்போம்.