காணாமற்போன வளர்ப்புப் பிராணிக்குச் சுவரொட்டி எழுதும் முறை

(எமது மன்றத்தின் இளைஞர் வகுப்பில் நிகழ்த்தப்பெற்ற பேச்சின் எழுத்துருவம்)



நாயைத் தொலைத்தவன் சுவரொட்டி எழுதுவது எப்படி என்பதும் ஒரு பேச்சுக்குரிய பொருளா என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். தீபாவளிக்கு மறுநாளோ புதுவருடப் பிறப்புக்கு மறுநாளோ திருகோணமலைத் தெருக்களில் ஒரு சுற்று நடந்து வந்தால் அவ்வெண்ணம் மாறிவிடும். வெடியோசைக்கு அஞ்சி ஓடிய நாய் உவர்மலையிலிருந்து உப்புவெளி வரைக்கும் போய்விடும். திரும்பும் வழி அதற்குத் தெரியாது. வெடி கொளுத்துகின்றவர்களும் நாமே ஆதலால், தேடிக்கொடுக்கும் வேலையிலும் நமக்குப் பங்குண்டு.

முதலில் சுவரைப் பற்றிச் சொல்லவேண்டும். நமது ஊர்ச் சுவர்களில் முகப்படத்தோடு ஒட்டப்படுவனவற்றுள் மிகுதியானவை கண்ணீர் அஞ்சலிகள். கறுப்புக்கரை, நடுவில் படம், கீழே சிறு எழுத்து. வழிப்போக்கர் முகத்தைப் பார்ப்பார்; அறிந்தவராயின் நிற்பார், இல்லையேல் போய்விடுவார். நாயின் படத்தையும் அவ்வாறே கறுப்புக் கரைகட்டி ஒட்டினால் அதற்கும் அதே கதிதான். ஆகவே கரை வேண்டாம். மஞ்சள் அல்லது செம்மஞ்சள் நிறமுள்ள பிறிஸ்டல் போட்டில் எழுதுங்கள்.

இரண்டாவது காரியம் இதனினும் கனமானது. ‘காணவில்லை’ என்ற சொல்லை நமது ஊரில் இலேசாக எழுதிவிட முடியாது. தம் பிள்ளைகளின் படங்களை நெஞ்சோடு அணைத்தபடி தாய்மார் வீதியோரம் அமர்ந்திருந்ததை நாம் எல்லோரும் கண்டோம். வடக்கிலும் கிழக்கிலும் 2017ஆம் ஆண்டில் தொடங்கிய அந்தத் தொடர் போராட்டத்தில் திருகோணமலைத் தாய்மாரும் இருந்தார்கள். காணாமற்போனோர் அலுவலகம் 2016இன் சட்டத்தினால் உண்டாகி 2018இல் வேலை தொடங்கியது. ஆயினும் அத்தாய்மார் பலருக்கு இன்றுவரை விடை இல்லை. அப்படிப்பட்ட ஒரு தாய் சந்தைக்குப் போகும் வழியில், தூரத்திலிருந்து ‘காணவில்லை’ என்ற பெரிய எழுத்தைக் கண்டு விரைந்து அருகில் வந்து, அங்கே ஒரு நாயின் படத்தைப் பார்க்கும்படி நாம் செய்யலாமா? எனவே தலைப்பின் முதற்சொல் ‘நாய்’ என்றோ ‘பூனை’ என்றோ இருக்கட்டும். ‘நாய் தேடுகிறோம்’ என்றால் போதும். ‘காணவில்லை’ என்ற சொல் இன்றியே காரியம் நடக்கும்.

இதில் மனிதத்தன்மை மட்டுமன்றிப் பயனும் இருக்கிறது. அமெரிக்காவில் பொலிஸ் வேலையிலிருந்து, பின்னர் காணாமற்போன வளர்ப்புப் பிராணிகளைத் தேடும் முறையை வகுத்த கேட் அல்பிரெக்ட் என்னும் பெண்மணி ஒரு விதி சொல்லியிருக்கிறார்: மணிக்கு 55 மைல் வேகத்தில் வாகனம் ஓட்டிப் போகிறவர் 5 வினாடிக்குள் 5 சொல்லை வாசிக்கும்படி சுவரொட்டி இருக்கவேண்டும் என்பது அது. நமது சந்தை வீதியில் அந்த வேகம் கனவிலும் கிடையாது. ஆனால் மோட்டார்ச் சைக்கிளில் போகிறவருக்கு இங்கும் அதே 5 வினாடிதான். அந்த 5 வினாடிக்குள் அவர் மனத்தில் பதியவேண்டியது என்ன பிராணி, என்ன நிறம், எந்தத் தொலைபேசி இலக்கம் என்பவை மட்டுமே. இலக்கத்தைப் பத்து எண்ணும் ஒட்டியபடி எழுதாமல் இடைவெளி விட்டு, உள்ளங்கை அளவு எழுத்தில் எழுதுங்கள்.

அடையாளம் கூறுவதில்தான் பலர் தவறுகிறார்கள். ‘எங்கள் வீட்டுச் செல்லப்பிள்ளை’ என்று எழுதினால், அந்த நாயைக் கண்ட மீன்காரர் அதை எப்படி அறிவார்? 1660ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் இரண்டாம் சாள்ஸ் மன்னருடைய நாய் மாளிகையிலிருந்து போய்விட்டது. அப்போது இலண்டன் பத்திரிகையில் வந்த விளம்பரம் நாய் கறுப்பு, மார்பில் மட்டும் வெள்ளைக்கீற்று, வால் சற்றே குட்டை என்று துல்லியமாகச் சொல்லிற்று. அந்த அளவில் மன்னர் நல்ல சுவரொட்டி ஆசிரியர்தான். பின்னே தம் நாயைத் திருடியவர்களைப் பற்றி முறையிட்டு நீட்டிவிட்டார். அரசருக்கு அது தகும், நமக்கு இடமில்லை. நமது தெருவில் பாதி நாய்கள் செவலை நிறம். ஆகையால் ‘செவலை நாய், வலக்காது நுனி கிழிந்தது, நீலக் கழுத்துப்பட்டி’ என்று கண்ணுக்குத் தெரிவதை எழுதுங்கள். படம் ஒன்றே போதும். பக்கவாட்டில் நின்று, வாலும் காலும் தெரியும் படம். பிள்ளைகள் மடியில் வைத்து எடுத்த படத்தில் பிள்ளைகள்தான் தெரிவார்கள்.

எல்லா அடையாளத்தையும் சொல்லிவிடவும் கூடாது. கம்பராமாயணத்தில் நாட விட்ட படலத்தை நினைத்துப் பாருங்கள். இராமன் அனுமனுக்குச் சீதையின் அங்க அடையாளங்களை அடியிலிருந்து முடிவரை விரிவாகச் சொல்கிறான். அதோடு நில்லாமல், தானும் அவளுமே நன்கறிந்த பழைய செய்திகள் சிலவற்றையும் சொல்லி, கணையாழியையும் கொடுத்தனுப்புகிறான். முன்னது தேடுகிறவனுக்கு, பின்னது மெய்யா பொய்யா என்று அறிவதற்கு. நாமும் அவ்வாறே ஓர் அடையாளத்தை, அடிவயிற்றிலுள்ள மறுவையோ பின்னங்கால் தழும்பையோ, எழுதாமல் வைத்துக்கொள்ள வேண்டும். ‘நாய் என்னிடம் இருக்கிறது, முதலில் பணம் அனுப்புங்கள்’ என்று தொலைபேசியில் கேட்பவரிடம் அதை வினவினால் உண்மை தெரிந்துவிடும். சன்மானம் உண்டு என்று எழுதலாம், தொகையை எழுதவேண்டாம். வீட்டு முகவரியும் வேண்டாம்.

துறைமுகத்தை அடுத்த நமது பகுதியில் மூன்று மொழியாரும் வாழ்கிறார்கள். நாய்க்கு மொழி தெரியாது. எந்த வீட்டுப் படலைக்குள்ளும் போய்ப் படுத்துக்கொள்ளும். தமிழில் மட்டும் எழுதினால் ஊரின் ஒரு பகுதிக்குச் சுவரொட்டி ஊமையாகிவிடும். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தலைப்பையாவது எழுதுங்கள். சிங்களம் நன்கு தெரிந்த அயலவரைக் கேட்டால் மறுக்கமாட்டார். அழைப்பு வந்தால் அம்மொழியில் பேசக்கூடிய ஒருவரும் வீட்டில் இருக்கட்டும். ‘துரத்த வேண்டாம், அழையுங்கள்’ என்ற வரி மூன்று மொழியிலும் வேண்டும். பயந்த நாயைத் துரத்தினால் அது இன்னும் தூரம் ஓடும். பிடிக்கப்போனவர் கடிபடவும் கூடும்.

ஐப்பசி முதல் தை வரை வாடை மழை. அச்சியந்திரத்தின் மைகளுள் சில நீர்பட்டால் கரைந்து ஓடும், போட்டோக்கொப்பி கரையாது. பிளாஸ்ரிக் உறையில் இட்டு வாய்ப்பக்கம் கீழாக இருக்கக் கட்டினால் நீர் தங்காது. கச்சான் காற்றுக் காலத்திலோ நான்கு மூலையிலும் கட்டவேண்டும், ஒரு மூலை விட்டாலும் காலையில் கடலில்தான் தேடலாம். கோதுமை மாப் பசையால் தாழ்வாக ஒட்டினால் ஆடும் மாடும் தின்றுவிடும், நமது ஊரில் மானையும் அந்தப் பந்தியில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெரியவர் ஒருவரின் கண்மட்டத்துக்குச் சற்று மேலே வையுங்கள். கோயில் மதில், பாடசாலை மதில், பிறர் வீட்டுச் சுவர் எதுவாயினும் அனுமதி கேட்டே ஒட்டுக.

இடத்தைவிட ஆளே முக்கியம் என்பது எமது கருத்து. நாய் நடமாடும் நேரத்தில் விழித்திருப்பவர் யார்? விடியற்காலை மீன் கொண்டுவருபவர், பத்திரிகை போடுபவர், இசையொலித்தபடி ஒழுங்கை ஒழுங்கையாகப் பாண் விற்கும் முச்சக்கரவண்டிக்காரர். இவர்கள் கையில் ஒவ்வொரு துண்டு கொடுங்கள். பஸ் நிலையத்திலும் முச்சக்கரவண்டித் தரிப்பிடங்களிலும் டச்பே கடற்கரைக்கு மாலையில் மக்கள் போகும் வழியிலும் சுவரொட்டி இருக்கட்டும். அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தில் காணாமற்போன 187 நாய்களைப் பற்றி ஓர் ஆய்வு 2007இல் வெளிவந்தது. 132 நாய்கள் திரும்பின. அவற்றுள் 20, அயலில் ஒட்டிய அறிவித்தல்களால் கிடைத்தவை. அங்கே விலங்குக் காப்பகங்களும் பதிவுத் தகடுகளும் பெரும்பங்கு வேலையைச் செய்தன. அவ்வசதிகள் இங்கே அரிது. ஆகையால் கடதாசிக்கு இங்கே வேலை கூட.

பூனையின் சங்கதி வேறு. 1210 பூனைகளை ஆராய்ந்து 2018இல் வெளிவந்த ஆய்வு, கிடைத்தவற்றுள் நான்கில் மூன்று பங்கு போன இடத்திலிருந்து 500 மீற்றருக்குள்ளேயே கிடைத்தன என்கிறது. பூனைக்காகப் பஸ் நிலையத்தில் ஒட்டுவது வீண். அதே ஒழுங்கையில் வீடு வீடாகத் துண்டு கொடுத்து, விறகுக்கொட்டிலையும் கூரைச் சந்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பிராணி கிடைத்துவிட்டால் அன்றைக்கே போய் எல்லாவற்றையும் கழற்றிவிடவேண்டும். எத்தனை ஒட்டினோம், எங்கெங்கு என்று முதலிலேயே ஒரு தாளில் குறித்துவைத்தால் ஒன்றும் விடுபடாது. பழைய சுவரொட்டிகள் தொங்கும் ஊரில் புதியதை யாரும் வாசிக்கமாட்டார்கள்.

இப்போது மேசையில் பிறிஸ்டல் போட்டும் மார்க்கர் பேனாவும் இருக்கின்றன. இரண்டிரண்டு பேராக வந்து ஒவ்வொன்று எழுதுங்கள். எழுதியதை மண்டபத்தின் அந்தக் கோடியில் மாட்டுவோம். வாசலருகே அமர்ந்திருக்கும் பெரியோர் கண்ணாடி இல்லாமல் இலக்கத்தை வாசித்துச் சொல்லட்டும்.