வீடும் பள்ளியும்

(வத்தேகமவில் கூடிய பெற்றோர் முன்னிலையில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் படிப்பித்தால் என்ன என்ற கேள்வியை இன்று நம்மவரிற் பலர் கேட்கின்றனர். கண்டியிலே வைத்தியராகவும் பொறியியலாளராகவும் பணிபுரிவோர் கேட்கின்றனர். மிளகும் கராம்பும் பயிரிடும் விவசாயிகளும் கேட்கின்றனர். அக்கேள்விக்கு என் மனத்திற் பட்ட விடையைக் கூறவே இம்மேடையில் நிற்கிறேன்.

இவ்வெண்ணம் வெறும் மோகத்தினால் எழுந்ததன்று. ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சை என்று ஒன்று இருக்கிறது. பத்து வயதுப் பாலகனை அது படுத்தும் பாட்டை நீங்கள் அறிவீர்கள். காலையிலே பள்ளி, மாலையிலே ரியூசன், இரவிலே வினாத்தாள். தாயோடு பேச நேரமில்லை. தந்தையோடு தோட்டத்தில் நிற்க நேரமில்லை. இந்த ஓட்டத்தை நிறுத்தி, அமைதியாகவும் நெறியோடும் குடும்பம் நடத்த வேண்டும், பிள்ளையை நம் கண்முன்னே நாமே வளர்க்க வேண்டும் என்று பெற்றோர் விரும்புவதிலே குற்றமென்ன? குற்றமே இல்லை.

அவ்வாறு செய்து பார்த்தவர் ஒருவரின் வரலாற்றை நாம் அறிவோம். தென்னாபிரிக்காவிலே, ஜொகான்னஸ்பர்க் நகருக்கு அருகில், 1910ஆம் ஆண்டு காந்தியடிகள் டால்ஸ்டாய் பண்ணையை அமைத்தார். நண்பர் கல்லன்பாக் வழங்கிய ஏறத்தாழ 1,100 ஏக்கர் நிலம் அது. சத்தியாக்கிரகத்திலே ஈடுபட்ட குடும்பங்கள் அங்கே ஒன்றாக வாழ்ந்தன. காலையிலே தோட்ட வேலையும் சமையலும். பகலுணவுக்குப் பின்னர்தான் பாடம். செருப்புத் தைப்பதையும் பிள்ளைகள் கற்றனர். ஆசிரியர் தாம் செய்யாத வேலையைப் பிள்ளைகளிடம் ஏவலாகாது என்பது அங்கே விதி.

அப்பிள்ளைகளிலே தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தனர் என்பது நமக்குப் பெருமை. கடல் கடந்த மண்ணிலே பிறந்த அவர்களுக்குத் தமிழ் பேசத் தெரியும்; எழுத்துத் தெரியாது. போப்பையரின் கைந்நூலைக் கொண்டு தாம் கற்ற சொற்பத் தமிழை வைத்துக்கொண்டு காந்தியடிகளே அவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். பேச்சிலே பிள்ளைகள் அவரை வென்றனர். ஆங்கிலம் அறியாத தமிழர் அவரைக் காண வந்தபோது, பிள்ளைகளே மொழிபெயர்த்தனர். தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று அவர் மறைக்காமற் சொன்னார்; பாடம் இனிதே நடந்தது. படிப்புக் குறைந்த தாயும் தந்தையும் பிள்ளைக்கு ஆசான் ஆகலாம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

ஆனால், அன்பர்களே, அதே வரலாற்றின் மறுபக்கத்தையும் நாம் படிக்கவேண்டும். காந்தியடிகள் தம் புதல்வர்களையும் பள்ளிக்கு அனுப்பாமல் தாமே கற்பிக்க முனைந்தார். பொதுப்பணி அவர் நேரத்தை விழுங்கியது. எண்ணியபடி கற்பிக்க இயலவில்லை. மூத்த புதல்வர் ஹரிலால் முறையான கல்வி தமக்குக் கிடைக்கவில்லையே என்று மனம் நொந்து, 1911ஆம் ஆண்டு தந்தையைப் பிரிந்து இந்தியாவுக்குச் சென்றார். புதல்வர்களுக்குத் தம்மேல் அம்மனக்குறை உண்டென்பதைக் காந்தியடிகளே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். தந்தையின் கொள்கை உயர்ந்தது. ஆனால் அதற்குரிய விலையைக் கொடுத்தவர் மகன். வீட்டிலே கற்பிக்க விழைவோர் இதை மறக்கலாகாது. கொள்கை மட்டும் பிள்ளைக்குக் கல்வியாகாது. பெற்றோர் நாள்தோறும் கொடுக்கும் நேரமே கல்வியாகும்.

இனி நம் மலைநாட்டுக்கு வருவோம். நம் மூதாதையருக்குப் பள்ளி எளிதிலே கிடைத்ததா? 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டங்களிலே பள்ளி நடத்தும் கடமையைத் தோட்ட நிருவாகத்தின்மேல் சுமத்தியது. பெயரளவிலே பள்ளி தோன்றியது. ஓர் அறை, ஓர் ஆசிரியர், சில வகுப்புகள். 1945ஆம் ஆண்டு கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி நாடெங்கும் வந்தபோதும் தோட்டப் பிள்ளை அதன் முழுப் பயனைப் பெறவில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் நம் மக்களை நாடற்றவர் ஆக்கியது. 1970களின் பிற்பகுதியிலிருந்துதான் தோட்டப் பள்ளிகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது. இவ்வளவு காலம் காத்திருந்து பெற்ற பள்ளியை நாமே கைவிடலாமா?

படித்தவரைப் பார்த்துக் கேட்கிறேன். உங்கள் பிள்ளை ஒன்று பள்ளியை விட்டு நீங்கினால், அதனோடு உங்கள் குரலும் அப்பள்ளியை விட்டு நீங்குகிறது. கணித ஆசிரியர் இல்லை என்று அதிகாரிகளிடம் வாதாடக்கூடியவர் நீங்கள். நீங்கள் போய்விட்டால் கொழுந்து பறிக்கும் தாய்க்காக யார் பேசுவார்?

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் தொற்று நோயினாற் பள்ளிகள் மூடப்பட்டன. 2021ஆம் ஆண்டின் பிற்பகுதி வரையில் பெரும்பாலும் மூடியே கிடந்தன. எல்லார் வீடும் பள்ளியாயின. கையிலே கருவியும் அலைத்தொடர்பும் உள்ள வீட்டுப் பிள்ளை படித்தது. 10 அடிக்கு 12 அடி லயக் காம்பிராவிலே, குடும்பத்துக்கு ஒரே கைத்தொலைபேசியோடு, அலை கிடைக்கும் மேட்டைத் தேடி ஏறிய பிள்ளை பின்தங்கியது. வீட்டுக் கல்வி எல்லார்க்கும் ஒரே தன்மையதன்று என்பதை அந்நாட்கள் நமக்கு உணர்த்தின.

அப்படியானால் வீடு வாளாவிருப்பதா? இல்லை. பள்ளி பகலை எடுத்துக்கொள்ளட்டும். மாலையை நாம் மீட்போம். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோ நிற்கும். இதைவிடச் சிறந்த விகிதக் கணக்கு எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? சம்பளச் சீட்டைப் பிள்ளையின் கையிலே கொடுங்கள். எத்தனை பேர், எத்தனை கிலோ, எவ்வளவு கழிவு என்று அது கூட்டிப் பார்க்கட்டும். கணக்கறிந்த பிள்ளை இருக்கும் வீட்டை ஏமாற்றுதல் அரிது. இரவிலே அரைமணி நேரம் தமிழ் நூலொன்றை உரக்க வாசிக்கச் செய்யுங்கள்; எழுத்தறியாத பாட்டி அருகிலிருந்து கேட்கட்டும். அண்டையிலே வாழும் சிங்களப் பிள்ளையோடு விளையாட விடுங்கள். அம்மொழியும் வந்து சேரும்.

எனினும், முழுமையாக வீட்டிலேயே கற்பிக்க உறுதிகொண்டோர் சிலர் இருக்கலாம். பிள்ளையின் உடல்நிலையோ வேறு காரணமோ அவர்களை அவ்வழியிற் செலுத்தலாம். அவர்களுக்கு மூன்று சொல்வேன். முதலாவது, 1997ஆம் ஆண்டு 5 முதல் 14 வயது வரை என வகுத்த கட்டாயக் கல்வியை 2016ஆம் ஆண்டு 16 வயது வரை நீட்டிவிட்டனர். ஆகவே வத்தேகம வலயக் கல்வி அலுவலகத்தை முதலில் நாடி, எழுத்து மூலம் விடை பெறுங்கள். இரண்டாவது, சாதாரண தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றும் வழியை முன்கூட்டியே அறிந்து வையுங்கள். ஹரிலாலின் மனக்குறை உங்கள் பிள்ளைக்கு வரலாகாது. மூன்றாவது, தாயோ தந்தையோ ஒருவர் தம் நாளையே அதற்கு ஒப்புவிக்க வேண்டும். அது இயலாதெனில் பள்ளியே மேல்.

இறுதியாக ஒன்று. அமைதியான குடும்ப வாழ்வு வேண்டும் என்கிறோம். விடியுமுன் எழுந்து, கொழுந்து நிறுத்து, இருட்டும் வேளையில் வீடு திரும்பும் தாய்க்கு அமைதி எங்கிருந்து வரும்? ஒரு பேருக்குரிய கிலோவை எட்டினால்தான் முழுச்சம்பளம் என்றிருக்கும்போது, பிள்ளையோடு உட்கார அவளுக்கு ஏது நேரம்? ஆகையால் வாழத்தக்க கூலியும், காணியோடு கூடிய தனிவீடும் கேட்பது கல்விக்காகக் கேட்பதேயாகும். அவள் பிள்ளைக்கும் ஒரு மாலைப்பொழுது உண்டாகும் நாளில்தான் இம்மலையிலே வீடும் பள்ளியாகும். அந்நாளை விரைவிலே கொண்டுவர, படித்தவரும் பயிரிடுவோரும் பாட்டாளியும் ஒன்றுகூடி உழைக்குமாறு கேட்டு அமைகிறேன்.