கேத்தல் படிவும் கைபிடிக்கும் மூலக்கூறும்
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவைக் காணாத யாழ்ப்பாணத்துப் பெண் எவரும் இல்லை. சுண்ணாம்புக்கல்லில் ஊறி வரும் எங்கள் கிணற்று நீரில் கல்சியம் அதிகம். கொதிக்கும்போது அது கல்சியம் காபனேற்றாகப் படிகிறது. அந்தக் கல்சியம் போன்ற உலோகங்களைப் பற்றிப் பிடிக்க வல்லவை பொசுபோனேற்றுகள். காபனோடு இணைந்த ஒரு பொசுபரசு, அதில் மூன்று ஒட்சிசன். அந்த ஒட்சிசன்களே பிடிக்கும் கைகள்.

உலோகமும் பொசுபோனேற்றும் சேரும்போது, பாய்களை அடுக்கியதுபோல், படைபடையான பளிங்குகள் உண்டாவதுண்டு. 1978இல் இத்தாலியின் பெரூஜியாவில் அல்பேர்ட்டி குழுவினர் சிர்க்கோனியத்தைக் கொண்டு இத்தகையவற்றை ஆக்கினர்.

நாகத்தின் பீனைல்பொசுபோனேற்றைப் பாருங்கள். ஒவ்வொரு நாக அணுவையும் ஆறு ஒட்சிசன்கள் சூழ்ந்திருக்கும். அவற்றில் ஒன்று நீர் மூலக்கூறினுடையது. சூடாக்கினால் நீர் வெளியேறும். படை குலையாது; ஆனால் நாகத்தின் அருகே ஓரிடம் வெறுமையாகும். 1991இல் காவோவும் மல்லூக்கும் அவ்விடத்தில் அமைன்களை ஏற்றிக் காட்டினர். படைகள் விலகி இடம் கொடுத்தன. நேர்ச்சங்கிலி அமைன் உள்ளே புகுந்தது; நைதரசனை அடுத்த காபனிலேயே கிளைத்த அமைன் புகவில்லை. ஆளறிந்து இடம் கொடுக்கும் இந்த மாற்றமே, கலவையிலிருந்து வேண்டிய மூலக்கூறைப் பிரித்தெடுக்கலாம் என்ற நம்பிக்கையைத் தந்தது.

இதை இந்தச் சபையில் சொல்ல ஒரு காரணம் உண்டு. எங்கள் வயதினர் பலர் எலும்பு நலிவுக்கு அலென்ட்ரோனேற்று, ஐபன்ட்ரோனேற்று குளிசைகளை எடுக்கிறோம். அவையும் பொசுபோனேற்றுக் குடும்பமே. ஒரே மூலக்கூறில் இரண்டு பிடிகள். எலும்பின் கல்சியத்தைப் பிடித்து அங்கே தங்கி, எலும்பு கரைவதைக் குறைக்கின்றன. பாலோடு விழுங்கினால், பாலின் கல்சியம் குடலிலேயே அவற்றைப் பிடித்துவிடும். மருந்து எலும்பைச் சேராது. ஆகவேதான் வெறுவயிற்றில், வெறும் தண்ணீரோடு எடுக்கச் சொல்கிறார்கள். நீரில் கல்சியம் மிகுந்த இடமானால், கனியுப்புக் குறைந்த போத்தல் தண்ணீரோடு எடுக்கும்படி ஐபன்ட்ரோனேற்றின் மருந்துக் குறிப்பே கூறுகிறது.

எங்கள் ஊர் அப்படிப்பட்ட இடம். குளிசை எடுப்பவர்கள் எந்தத் தண்ணீரோடு எடுப்பது என்று வைத்தியரிடம் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்திருப்பவர்கள், ஊரிலுள்ள அம்மாவிடம், பெரியம்மாவிடம் இன்றே விசாரியுங்கள்.