மூளைக்குள் ஒரு பெரட்டு



தீபாவளிச் சாமான் வாங்க, தோட்டத்துப் பிள்ளை ஒருத்தியைக் கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்கு முதன்முறையாக அழைத்துப் போகிறீர்கள். பூக்கடை, முறுக்கு வாசனை, பாட்டுச் சத்தம், எல்லாவற்றையும் வாய் பிளந்து பார்க்கிறாள். பத்து வருடம் கழித்தும் அந்த நாளைச் சொல்வாள். ஐந்தாம் முறை போனதைக் கேட்டால் சொல்லத் தெரியாது. ஏன்?

காதுகளுக்கு உட்புறமாக, மூளையின் இரு பக்கமும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி இருக்கிறது. கடற்குதிரை போல் வளைந்திருப்பதால் வந்த கிரேக்கப் பெயர் அது. ஞாபகங்களைப் பதிய வைப்பதோடு, வந்தது புதிதா பழையதா என்று ஒப்பிட்டும் பார்க்கிறது. புதிதென்றால் நடுமூளையின் டோபமைன் அணுக்களுக்குச் சேதி போகிறது. "இது முக்கியம், கவனி" என்று உணர்த்தும் ரசாயனமே டோபமைன். அது ஹிப்போகாம்பஸுக்கே திரும்பி வந்து ஞாபகத்தைக் கெட்டிப்படுத்துகிறது. ஜான் லிஸ்மன், அந்தோணி கிரேஸ் என்ற அமெரிக்க அறிஞர்கள் 2005-இல் இந்தச் சுற்றை விளக்கினார்கள்.

சேதி நேராகப் போவதில்லை. விடியற்காலைப் பெரட்டை நினைத்துக்கொள்ளுங்கள். டோபமைன் அணுக்களில் பலவற்றை ஒரு காவற்காரன் வெளியே விடாமல் அடக்கி வைத்திருக்கிறான். ஹிப்போகாம்பஸ் இன்னொருவனை அனுப்பி அந்தக் காவலைத் தளர்த்துகிறது. உடனே கூடுதல் ஆட்கள் வந்து நிற்கிறார்கள். பெரட்டில் நிற்கிறவனுக்குத்தானே வேலை கொடுக்க முடியும்!

அது ஓயாமல் ஆள் கூப்பிட்டால்? கிரேஸும் டேனியல் லாட்ஜும் 2007-இல் எலிகளில் இதைக் கண்டார்கள். ஹிப்போகாம்பஸ் மிகையாக இயங்கிய எலிகளில் டோபமைன் அணுக்களும் மிகையாக இயங்கின. அதை மருந்தால் அடக்கியதும் இவையும் அடங்கின. மனச்சிதைவு நோயிலும் இப்படி நடக்கிறது என்பது பல அறிஞர்களின் கருத்து. அப்போது எல்லாமே முக்கியமாகத் தோன்றும். பக்கத்து வீட்டார் சிரித்தால் தன்னைப் பார்த்து. ரேடியோ பேசினால் தன்னைப் பற்றி. நாமோ காத்துக் கருப்பு, செய்வினை என்று மாதக்கணக்கில் அலைகிறோம். பூசை செய்வதை யாரும் தடுக்கவில்லை, ஆனால் ஆஸ்பத்திரி காத்திருக்கக் கூடாது.

வழக்கமாகக் கொடுக்கும் மாத்திரை, டோபமைன் போய்ச் சேரும் இடத்தை அடைக்கிறது. பெரட்டுக்கு ஆள் கூப்பிடுவதை அது நிறுத்துவதில்லை. அதனால்தான், குரல் கேட்பது நின்றதென்று தாமாக மாத்திரையை விட்டவர்களில் பலருக்கு நோய் திரும்புகிறது.

சென்னையில் 1980-களின் தொடக்கத்தில் புதிதாக நோய் கண்ட 90 பேரைப் பத்தாண்டு தொடர்ந்து கவனித்தார்கள். தொடர்ந்து பார்க்க முடிந்தவர்களில் பெரும்பாலோர் நன்றாகத் தேறியிருந்தார்கள்.

கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரியிலும் கோலாலம்பூர் ஆஸ்பத்திரியிலும் மனநலப் பிரிவு உண்டு. கூடப் போகிறவர், எத்தனை நாளாகத் தூக்கமில்லை, எப்போது பேச்சு மாறியது, என்ன மருந்து சாப்பிட்டார் என்பதைத் தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.